எழுதப்படாத வேலை: மத்யன் கிணற்றடியிலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரை

கோமுகி ஆறு கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையம் அருகே அணையில் சற்றுத் தங்கி, கள்ளக்குறிச்சி நகரை ஒட்டி ஓடுகிறது. அந்நகரின் ஒரு பகுதிதான் கருணாபுரம். 2024 ஜூன் மாதம்வரை அந்தப் பெயரை மாவட்டத்துக்கு வெளியே அறிந்தவர்கள் மிகச் சிலரே. அம்மாதம் 18-ஆம் தேதிக்குப் பின் அது நாடு முழுவதும் துயரத்தோடு உச்சரிக்கப்பட்டது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நாளில் வரிசையாகச் சிதைகள் எரிந்த காட்சியைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

மதுவின் தீங்கைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாம் இங்கு எடுத்துக்கொள்வது, அந்தத் துயரத்தின் ஓரத்தில் எவரும் அதிகம் கவனிக்காமல் கடந்துபோன ஒரு சிறு செய்தியை. மரணங்கள் தொடர்ந்துகொண்டிருந்தபோதே தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் விசாரணை ஆணையத்தை அமைத்தது. மூன்று மாதங்களில் அறிக்கை தரவேண்டும் என்று காலமும் குறித்தது.

இத்தகைய ஆணையங்கள் 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்படி அமைக்கப்படுகின்றன. அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு நுட்பமானது. பொது முக்கியத்துவம் உடைய ஏதோ ஒரு விஷயம் என்று பொதுவாகச் சொல்லி ஆணையம் அமைத்துவிட அது இடம் தருவதில்லை. விஷயம் திட்டவட்டமாக வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆணையம் செய்யவேண்டிய பணி என்ன, எவ்வளவு காலத்துக்குள் செய்யவேண்டும் என்பவை அறிவிக்கையிலேயே எழுதப்பட வேண்டும். அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு உண்மையைத் தேடப் புறப்படும் ஒரு நீதிபதிக்கும், புறப்படும் முன் ஒரு தாள் தேவைப்படுகிறது. அந்தத் தாளில் இல்லாத கேள்வியை அவர் கேட்கவேண்டிய கட்டாயமில்லை. அதில் உள்ள கேள்வியைக் கேட்காமல் விடவும் முடியாது.

அலுவலகங்களில் இந்தத் தாளை ‘ஸ்டேட்மெண்ட் ஆஃப் ஒர்க்’ என்கிறார்கள். நாம் பணி வரையறை என்று அழைப்போம். வீடு கட்டுவது, மதரஸாவுக்குக் கூரை போடுவது, திருமண மண்டபத்துக்குச் சமையல் பேசுவது, கணினி மென்பொருள் எழுதித் தரச்சொல்வது ஆகிய எல்லா வேலைகளுக்கும் முன்னால் இருக்கவேண்டிய தாள் இது. நம் சமுதாயத்தில் பெரும்பாலும் இல்லாத தாளும் இதுதான். “நமக்குள்ளே என்ன பாய் எழுத்து?” என்ற ஒரு வாக்கியத்தில் நாம் அதைத் தள்ளிவைத்துவிடுகிறோம். எழுதக் கேட்பது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடம் எங்கிருந்து வந்தது என்பதே வியப்பு. நம்முடைய வரலாறு முழுவதும் அதற்கு எதிராக நிற்கிறது.

மத்யனில் நடந்ததிலிருந்து தொடங்கலாம்.

ஃபிர்அவ்னின் ஆட்களிடமிருந்து தப்பி வந்த மூஸா (அலை) அவர்கள், ஊர் பெயர் தெரியாத ஓர் அகதியாகக் கிணற்றடியில் நிற்கிறார்கள். இரண்டு பெண்களின் ஆடுகளுக்கு நீர் இறைத்துக் கொடுக்கிறார்கள். அப்பெண்களின் முதிய தந்தை அவர்களை அழைத்து, தம் மகளை மணமுடித்துத் தந்து வேலைக்கும் வைத்துக்கொள்ள முன்வருகிறார். (அம்முதியவர் ஷுஐப் (அலை) என்பது பரவலான கருத்து, குர்ஆன் பெயர் சொல்லவில்லை.) கையில் ஒன்றுமில்லாத, ஒதுங்க இடமில்லாத ஒரு மனிதரிடம் என்ன நிபந்தனை விதித்தாலும் அவர் ஏற்றுக்கொள்வார். ஆனால் அந்த முதியவர் பேசிய பேச்சை சூரத்துல் கஸஸில் கூர்ந்து படித்தால், ஒரு முறையான ஒப்பந்தத்தின் உறுப்புகள் அனைத்தும் அதில் இருப்பதைக் காணலாம். கட்டாயக் காலம் எட்டு ஆண்டுகள். பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம், கடமையன்று. சிரமப்படுத்தும் நோக்கம் தமக்கு இல்லை என்ற உறுதிமொழியையும் முதியவர் தருகிறார்.

மூஸா (அலை) அவர்களின் மறுமொழி இன்னும் கவனத்துக்குரியது. இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும், அதன்பின் தம்மீது எந்த வரம்பு மீறலும் கூடாது என்கிறார்கள், அல்லாஹ்வையே பொறுப்பாளனாக்குகிறார்கள். வேலை கொடுப்பவர் தம் பங்கைச் சொன்னபின், வேலை செய்பவர் தம் பாதுகாப்பைத் தாமே சொல்லிச் சேர்த்துக்கொள்கிறார். அடைக்கலம் தேடி வந்தவர் என்பதால் அவர் அதற்குக் கூசவில்லை. முதியவரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் எந்தத் தவணையை அவர்கள் நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, இரண்டில் நீண்டதையும் சிறந்ததையும் என்று அவர்கள் விடை சொன்னதாக புகாரியில் வருகிறது. தாராளம் காட்ட இடம் இருந்தது. ஆனால் எது கடமை, எது தாராளம் என்ற கோடு முதலிலேயே போடப்பட்டிருந்தது. கோடு இல்லாத இடத்தில் ஒருவருடைய தாராளம் மெல்ல மெல்ல மற்றவருடைய உரிமையாக மாறிவிடுவதை நாம் எத்தனை கடைகளில், எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்!

சூரத்துல் கஹ்ஃபில் துல்கர்னைன் கட்டிய தடுப்பும் இங்கு நினைவுக்கு வருகிறது. யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரால் துன்புற்ற மக்கள் வரி செலுத்துவதாகச் சொல்லி ஒரு தடுப்பு கேட்டார்கள். அவர் பணத்தை ஏற்கவில்லை. உடல் உழைப்பைக் கேட்டார். இரும்புப் பாளங்களைக் கொண்டுவரச் சொன்னார். இரு மலைகளுக்கிடையே நிரப்பி, நெருப்பூதி, உருக்கிய செம்பை ஊற்றினார். யார் எதைத் தருவது, என்ன பொருள், எந்த வரிசையில் வேலை என்பதெல்லாம் அந்தச் சில வசனங்களில் இருக்கின்றன. முடிவில் வேலை சரியாக இருக்கிறதா என்பதற்கான சோதனையும் இருக்கிறது: பகைவரால் அதன்மேல் ஏறவும் முடியவில்லை, அதைத் துளைக்கவும் முடியவில்லை. அழகாக இருக்கிறது, உறுதியாகத் தெரிகிறது என்பன போன்ற சொற்கள் அங்கு இல்லை. எதற்காகக் கட்டப்பட்டதோ அதைக்கொண்டே அளக்கப்பட்டது.

குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று, கடனை எழுதுவதைப் பற்றியது என்பதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதில் ஒரு நுணுக்கம் மட்டும் போதிய கவனம் பெறுவதில்லை. வாசகத்தைச் சொல்லவேண்டியவர் யார்? பணம் கொடுத்தவர் அல்லர். யார்மீது கடமை இருக்கிறதோ அவர். அவர் பலவீனராகவோ சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லவேண்டும். உலக வழக்கம் இதற்கு நேர் எதிர். வங்கித் தாளாகட்டும், நிறுவனத்தின் ஒப்பந்தமாகட்டும், வலியவர் எழுதி எளியவரிடம் கையெழுத்துக் கேட்கிறார். சிறியதோ பெரியதோ எழுதச் சோம்ப வேண்டாம் என்றும், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்றும் அவ்வசனம் மேலும் சொல்கிறது. எழுதுவது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலோர் விரும்பத்தக்கது என்கின்றனர். விரும்பத்தக்கது என்ற சொல்லை நம்மவர்கள் ‘விட்டுவிடலாம்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டதுதான் வேடிக்கை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழம் இன்னும் மரத்தில் காய்க்கவேயில்லை. ஆனால் பணம் கைமாறிவிட்டது. இல்லாத ஒன்றை விற்பது பொதுவாக அனுமதிக்கப்படாதது. ஆயினும் விவசாயிக்கு முன்பணம் தேவை என்பதும் உண்மை. நபி (ஸல்) அவர்கள் அந்த வழக்கத்தை ஒழிக்கவில்லை. மூன்று நிபந்தனைகளால் ஒழுங்குபடுத்தினார்கள். அறியப்பட்ட அளவு, அறியப்பட்ட எடை, அறியப்பட்ட தவணை. புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள இந்த ஹதீஸ்தான் ‘ஸலம்’ எனும் முன்பண வணிகத்தின் அடிப்படை. இன்று பணி வரையறை எழுதுவது எப்படி என்று பெரிய பெரிய நூல்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த மூன்றின் விரிவுரையே.

அடுத்த நூற்றாண்டுகளில் நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் இதை வெகுதூரம் கொண்டுசென்றனர். செருப்பு தைத்துத் தரச் சொல்வது, பாத்திரம் வார்த்துத் தரச் சொல்வது போன்றவற்றை ‘இஸ்திஸ்னா’ என்ற தலைப்பில் ஆராய்ந்தனர். தமிழகத்தின் உள்நாட்டுப் பகுதிகளில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஹனஃபி மத்ஹபில் இது பற்றி ஒரு சுவையான கருத்து வேறுபாடு உண்டு. செய்து முடித்த பொருளைப் பார்த்தபின் வாங்குபவர் வேண்டாம் என்று மறுக்கலாமா? மறுக்கும் உரிமை உண்டு என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. சொன்ன விவரிப்பின்படி பொருள் இருந்தால் மறுக்க முடியாது என்பது அவர்களின் மாணவர் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களிடமிருந்து வரும் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையிலான குழு உஸ்மானியப் பேரரசுக்காக 1869 முதல் 1876 வரை ‘மஜல்லா’ என்ற சட்டத் தொகுப்பை 1,851 விதிகளாக எழுதியபோது, அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தையே எடுத்துக்கொண்டது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. தொழிற்சாலைகளும் பெரிய கொள்முதல்களும் வந்துவிட்ட காலம். ஒருவர் தம் முதலைப் போட்டுச் செய்து முடித்த பொருளை, மனம் மாறியதால் மட்டும் மற்றவர் தள்ளிவிட்டால் கைவினைஞர் அழிந்துபோவார். ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. விவரிப்பு முழுமையாக இருக்கவேண்டும். அதையும் மஜல்லா தனி விதியாகச் சொல்கிறது. விவரிப்பு அரைகுறையாக இருந்தால் கைவினைஞருக்கும் பாதுகாப்பில்லை, வாங்குபவருக்கும் பாதுகாப்பில்லை.

ஒப்பந்த வாசகங்களை எழுதிக் காட்டுவதற்கென்றே ‘ஷுரூத்’ என்றொரு நூல்வகை நம்மிடம் வளர்ந்தது. ஹிஜ்ரி 321-இல் மறைந்த எகிப்தின் இமாம் தஹாவீ (ரஹ்) அவர்கள் அத்துறையில் எழுதியவர்களுள் முதன்மையானவர். அகீதா நூலால் மட்டுமே நம் மதரஸாக்களில் அறியப்படும் அவர், எந்தச் சொல்லை எங்கே வைத்தால் பிற்பாடு நீதிபதியின் முன் வழக்கு வராது என்பதிலும் அத்தனை உழைப்பைச் செலவிட்டிருக்கிறார்.

இவையெல்லாம் அரபு நாட்டோடு நின்றுவிடவில்லை. கி.பி. 849-இல் வேணாட்டின் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு இன்றும் கேரளத்துத் திருச்சபைகளிடம் இருக்கிறது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அதில், யாருக்கு என்ன உரிமை, எந்த வரி நீக்கம், எடைகளையும் அளவைகளையும் காக்கும் பொறுப்பு யாருடையது என்பவை ஒவ்வொன்றாக எழுதப்பட்டுள்ளன. கடைசியில் சாட்சிகளின் கையொப்பங்கள்: சிலர் கூஃபி அரபு எழுத்தில், சிலர் பஹ்லவியில், சிலர் ஹீப்ரு எழுத்திலமைந்த பாரசீகத்தில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். ஒரு கிறித்தவப் பள்ளிக்கு ஓர் இந்து ஆட்சியாளர் வழங்கிய பட்டயத்தில் முஸ்லிம் வணிகர்கள் சாட்சி நிற்கிறார்கள். நாம் இந்தக் கடற்கரைக்கு வந்த முதல் நூற்றாண்டுகளிலேயே, எழுதப்பட்ட தாளின் அடியில் பெயர் போடும் நம்பகமானவர்களாகத்தான் அறியப்பட்டிருக்கிறோம். அச்செப்பேடு குறிப்பிடும் ‘அஞ்சுவண்ணம்’ என்ற வணிகக் குழுவின் பெயரைத் தாங்கிய ஒரு தெருவைத் தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவலின் தலைப்பாகவே வைத்தார் என்பது வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும்.

எழுதினால் மட்டும் போதுமா என்ற கேள்வி நியாயமானது. போதாது என்பதற்குத் தமிழகத்திலேயே பெரிய சான்று முல்லைப் பெரியாறு. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, மதுரைச் சீமைக்குத் திருப்பும் திட்டத்துக்காக 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாணத்தின் சார்பில் இந்தியாவுக்கான அரசுச் செயலரும் ஒரு குத்தகைப் பத்திரம் எழுதிக்கொண்டனர். அதன் தெளிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 155 அடி உயரம்வரை நீர் தேங்கினால் மூழ்கும் நிலம் ஏறத்தாழ 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். காலம் 999 ஆண்டுகள். மீன்பிடி உரிமை யாருக்கு என்பதுவரை எழுதியிருந்தார்கள். தகராறு வந்தால் இருதரப்பு நடுவர்களும், அவர்கள் ஒன்றுபடாவிட்டால் அவர்களுக்கு மேல் ஒரு முடிவாளரும் என்று வழியும் வகுத்திருந்தார்கள். பென்னிகுயிக் அணையைக் கட்டினார்; 1895-இல் நீர் கிழக்கே பாய்ந்தது.

ஆனால் அந்த நீர் மலையிலிருந்து கீழே விழும்போது மின்சாரம் எடுக்கலாம் என்ற நிலை அடுத்த தலைமுறையில் வந்தது. பத்திரத்தில் மின்சாரம் இல்லை. 1886-இல் எழுதியவர்களை இதற்காகக் குறைசொல்வது கடினம். அன்று இந்நாட்டில் எவர் கண்டார்? சென்னை அரசு, நீர் எங்களுடையது, எப்படியும் பயன்படுத்துவோம் என்றது. திருவிதாங்கூர், பாசனத்துக்குத்தான் தந்தோம் என்றது. நடுவர்கள் இருவரும் வேறுபட்டனர். முடிவாளராக இருந்த சர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி 1941-இல் திருவிதாங்கூரின் பக்கமே தீர்ப்பளித்தார். பின்னர் 1970 மே மாதத்தில்தான் தமிழகமும் கேரளமும் துணை ஒப்பந்தம் எழுதி மின் உற்பத்திக்குத் தனிக் கட்டணமும், ஏக்கருக்கு முப்பது ரூபாய் குத்தகையும் குறித்தன. உலகத்தின் எல்லா மாற்றங்களையும் முன்கூட்டியே எழுத முடியாது. ஆனால் எழுதாத ஒன்று வரும்போது யாரிடம் போவது என்று எழுத முடியும். அந்த ஒரு பிரிவு இருந்ததால்தான் மின்சாரத் தகராறு நடுவர் மன்றத்தில் முடிந்தது.

இப்போது கோமுகி பிறக்கும் மலைக்கு ஏறுவோம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள் நீண்ட காலம் மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தனர்: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று அவை அறியப்பட்டன. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆனபின், 1976-இல்தான் அம்மலை முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. அதுவரை ஜாகீர்தாருக்கு ஊதியமில்லா உழைப்பைத் தருவது வழக்கமாக இருந்தது. வழக்கம் என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எத்தனை நாள், எந்த வேலை, எப்போது முடியும் என்று எவரும் கேட்க முடியாது. எழுத்து இல்லாததால் முடிவும் இல்லை. மத்யனில் ஓர் அகதிக்குக் கிடைத்த எட்டு ஆண்டு என்ற வரம்பு, தங்கள் சொந்த மலையில் இம்மக்களுக்குக் கிடைக்கவில்லை. அதே 1976-இல் நாடு முழுவதற்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது.

ஜாகீர் போனபின்னும் எழுதாத வேலை போகவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் போகிறவர்கள், என்ன வேலைக்கு, யாரிடம், எத்தனை நாளுக்குப் போகிறோம் என்பதை இறங்கிய பின்பே அறிந்த கதைகள் வட தமிழக மலைகள் எங்கும் உண்டு. செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்பட்டு ஆந்திரச் சிறைகளில் வாடியவர்கள் பலர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். குற்றமான வேலைக்கு எவரும் தாள் எழுதித் தரமாட்டார் என்பது உண்மையே. ஆனால் தாள் கேட்கும் பழக்கம் உள்ள ஒரு தொழிலாளிக்கு, தாள் தர மறுப்பதே ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஆள் அழைத்துச் செல்லும் ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய ஒரு கையேடு தரவேண்டும் என்றது. வேலை செய்யும் இடத்தின் பெயர், வேலைக் காலம், கூலி விகிதம், அது தரப்படும் முறை, திரும்பி வரும் பயணச் செலவு ஆகியவை அதில் இருக்கவேண்டும். கூலித் தொழிலாளிக்கான பணி வரையறை என்றே அதைச் சொல்லலாம். எத்தனை பேர் கையில் அந்தக் கையேடு இருந்தது என்று கேட்டால், நம் ஊர்களிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய்வந்த எவரும் சிரித்துவிடுவர். கருணாபுரத்துக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தாமாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. விசாரணை ஆணையத்துக்கு எழுதித் தந்த பணி ஒன்று. நீதிமன்றம் தானே எடுத்துக்கொண்ட பணி இன்னொன்று. மக்கள் ஏன் இந்த நிலையில் இருக்கிறார்கள் என்ற கேள்வியை ஒருவர் தாளில் எழுதிக்கொள்ளாதவரை அது எவருடைய வேலையுமாக ஆவதில்லை.

மறுமையில் தாமே எதிர்த்து வழக்காடப்போவதாக அல்லாஹ் அறிவிக்கும் மூவரில் ஒருவர், கூலிக்கு ஆளை அமர்த்தி வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவர் என்று புகாரியில் வருகிறது. இதை நாம் ஜுமுஆ பயான்களில் கேட்டுக் கண்கலங்குகிறோம். ‘முழுமையாக’ என்றால் எவ்வளவு என்பதில்தான் நம் தகராறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

எங்கள் மஹல்லாவிலேயே நடந்ததைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிவாசலின் ஹவுளைப் பழுதுபார்த்து, ஒளூச் செய்ய ஒரு புதிய வரிசையும் கட்ட முடிவானது. காண்ட்ராக்டர் எங்களோடு ஒரே ஸஃப்பில் நிற்பவர். “முழுசா முடிச்சுக் கொடுத்துடறேன்” என்றார். ஒரு தொகை பேசி, ஸலாம் சொல்லி, வேலை தொடங்கியது. ரமழானுக்கு முன் முடிந்தும்விட்டது. நோன்புக் காலத்தில் ஒளூச் செய்யும் கூட்டம் பெருகியபோது, வழிந்த தண்ணீர் போக வழியில்லாமல் பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கியது. அந்த வீட்டில் தனியாக இருந்த மூதாட்டி நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர்; ஒருநாள்கூடக் குரலை உயர்த்தாமல், ஈரம் படிந்த சுவரைக் காட்டிவிட்டுப் போனார். அந்த வெட்கம் இன்றும் எங்களிடம் இருக்கிறது.

வடிகால் யார் வேலை? முழுசா என்றால் வடிகாலும்தான் என்றது ஜமாஅத். ஹவுளும் வரிசையும்தானே பேசினோம், வெளியே போகும் குழாய்க்கு நான் எஸ்டிமேட்டே போடவில்லை என்றார் அவர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே சொல்லுக்கு இருவர் மனத்திலும் இரண்டு படங்கள் இருந்தன, அதுதான் நடந்தது. பாக்கித் தொகை நின்றது, பேச்சும் நின்றது. அவர் வேறு பள்ளிக்குத் தொழப் போகத் தொடங்கினார். ஒரு பக்கத் தாள் அன்று இருந்திருந்தால் ஒரு சகோதரரை நாங்கள் இழந்திருக்க மாட்டோம்.

சென்ற ஆண்டு மதரஸாவின் மேல்தளம் ஒழுகியபோது, முத்தவல்லி எழுதாமல் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு பக்கம் எழுதினோம். தளத்தின் நீள அகலம், பழைய பூச்சை எந்த ஆழம்வரை கொத்துவது, எத்தனை பூச்சு வாட்டர் புரூஃபிங், எந்தப் பக்கம் சரிவு, எந்தக் குழாயில் தண்ணீர் இறங்கும் என்று எழுதினோம். சிமெண்டும் மணலும் நாம் வாங்குவதா அவரா என்று எழுதினோம். கைப்பிடிச் சுவரும் வெள்ளையடிப்பும் இதில் இல்லை என்றும் எழுதினோம். இல்லாததை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது, ஏனெனில் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருந்த இலவச எதிர்பார்ப்புகள் அப்போதுதான் வெளியே வந்தன. வேலை முடிந்ததற்கான சோதனை: தளத்தில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்த வேண்டும், கீழே வகுப்பறைக் கூரையில் ஈரம் தெரியக் கூடாது. பணம் மூன்று தவணை. கடைசித் தவணை அந்தச் சோதனைக்கு மறுநாள். நடுவில் வேலை கூடினால், கூடிய வேலையையும் அதன் தொகையையும் அதே தாளின் பின்புறம் எழுதி இருவரும் ஒப்பமிட்டபின்பே கைவைக்க வேண்டும். மனவேறுபாடு வந்தால் இரு தரப்பும் மதிக்கும் ஒரு பெரியவரின் பெயர்.

வேலையை எடுத்த கொத்தனார் கல்வராயன் மலையடிவாரத்து ஊர்க்காரர். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். தாளை அவரிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. இமாம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “சேர்க்கறதுக்கு எதாவது இருக்காங்களா?” என்று இமாம் கேட்டார். சற்று நேரம் யோசித்து அவர் சொன்னார்: “மழை பேஞ்சா வேலை நடக்காதுங்க. அந்த நாளை எங் கணக்குல புடிக்கக்கூடாது. அதையும் ஒரு வரி எழுதிக்குங்க.”

எழுதினோம். அதன்பின் அவர் பேனாவை வாங்கி, நிதானமாகத் தம் பெயரை எழுதினார்.